பரணில் கிடைத்த ராணுவ முதுகுப்பை: எந்தக் காலத்தது, எப்படி வைப்பது?

பரண்மேல் எழுதியது:
எங்கள் பெரிய தாத்தா இரண்டாம் உலகப் போரில் பர்மா முனைக்குப் போனவர். ஊர் வீட்டைக் காலி செய்தபோது அவருடைய முதுகுப்பை கிடைத்தது. சுமார் 11 அங்குல அகலம், 4 அங்குல ஆழம், பச்சையும் பழுப்பும் கலந்த நிறம், தொட்டால் விரலில் பொடி ஒட்டுகிறது. பித்தளை பக்கிள்களில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறது. மூடியின் உள்பக்கம் மங்கலான மை முத்திரையும் கையால் எழுதிய ஒரு எண்ணும் இருக்கின்றன. இது பிரிட்டனில் தைத்ததா, இந்தியாவிலா? துவைத்து, புளி போட்டுத் தேய்த்து, ஹாலில் ஆணியடித்து மாட்டச் சொல்கிறார் அம்மா. செய்யலாமா?

வெப்பிங்பிரியன்:
தயவுசெய்து துவைக்காதீர்கள். விரலில் ஒட்டுவது அழுக்கு இல்லை, பிளாங்கோ என்ற நிறப்பூச்சு. கட்டியாக வரும், ஈரப் பிரஷ்ஷால் குழைத்துப் பையின் மேல் பூசிக் காயவைப்பார்கள், எல்லோருடைய பையும் ஒரே நிறத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக. தண்ணீர் பட்டால் அது கரைந்து போகும், முத்திரை மையும் கூடவே போகலாம், துணியும் சுருங்கும். உங்கள் பெரிய தாத்தா கையாலேயே பூசியதாகக்கூட இருக்கலாம், அதைக் கழுவிவிட்டால் மீண்டும் கிடைக்காது.

அளவைப் பார்த்தால் 1937 பேட்டர்ன் (அந்த வருஷத்துப் பிரிட்டிஷ் ராணுவ வடிவமைப்பு) ஸ்மால் பேக், அதாவது சின்ன முதுகுப்பை மாதிரி இருக்கிறது. உள்ளே தடுப்புத் துணி வைத்துப் பிரித்திருக்கிறதா என்று பாருங்கள், மெஸ் டின்னும் (சிப்பாயின் சாப்பாட்டுத் தகரப் பாத்திரம்) தண்ணீர்க் குப்பியும் வைக்க அப்படித் தைத்தார்கள். தடுப்பே இல்லாமல் ஒரே அறையாக, இன்னும் பெரியதாக இருந்தால் அது லார்ஜ் பேக். அது 1908 பேட்டர்னிலிருந்து பெரிதாக மாறாமல் வந்தது, அதனால் உருவத்தை மட்டும் வைத்து வருஷம் சொல்வது கஷ்டம். பர்மா என்றதும் சிலர் 1944 பேட்டர்ன் என்பார்கள். அது காட்டுப் போருக்காகவே அடர்பச்சையில் வந்த எடை குறைந்த சாமான், பெரும்பாலும் சண்டை முடிந்த பிறகுதான் படைகளின் கைக்குப் போனது.

நாடு எது என்பதை முத்திரைதான் சொல்லும். ஜன்னல் பக்கம் கொண்டுபோய் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் பாருங்கள். ராணுவச் சொத்து என்பதற்கான அம்புக்குறி மட்டும் என்றால் பிரிட்டன். அம்புக்குறியைச் சுற்றி ‘சி’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் கனடா, அம்புக்குறிக்குக் கீழே ‘ஐ’ இருந்தால் இந்தியா. இந்தியத் தயாரிப்பில் நெசவும் கொஞ்சம் முரடாக, நெருக்கம் குறைவாக இருக்கும்.

கோவைக்காரன்:
வெப்பிங்பிரியன் சார், துவைக்கக் கூடாது, சரி. பக்கிளைத் தேய்த்தால் என்ன? அந்தச் சிப்பாய்களே அணிவகுப்புக்குப் பித்தளையைப் பளபளவென்று தேய்த்துத்தானே மாட்டினார்கள்? களிம்போடு வைப்பதுதான் அவர்களுக்கு அவமரியாதை என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்று. விற்கிற இடத்தில் வாங்குகிறவர்கள் புற ஊதா டார்ச் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது தைக்கிற நகல்களில் நூல் பல சமயம் நீல வெள்ளையாக ஒளிரும், அந்தக் காலப் பருத்தி நூல் ஒளிராது. ஆனால் பழைய பையையே இன்றைய சோப்புத் தூளில் யாராவது துவைத்திருந்தாலும் ஒளிரும், அதனால் இதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். பக்கிள் உரசும் இடத்தில் தேய்மானம் இருக்கிறதா, முத்திரை மை துணிக்குள் இறங்கியிருக்கிறதா, அதையும் பார்க்க வேண்டும்.

வெப்பிங்பிரியன்:
கோவைக்காரன், அவர்கள் தேய்த்தது உண்மைதான். ஆனால் தைத்த பையில் பக்கிளைத் தனியாகக் கழற்ற முடியாது. புளியோ பாலிஷோ துணியில் இறங்கிக் கறையாகும், கொஞ்ச நாளில் நூலையும் அரிக்கும். பக்கிளில் படிந்த பச்சைக் களிம்பை மட்டும் பல் குத்தும் குச்சியால் மெதுவாகச் சுரண்டி, மென்மையான பிரஷ்ஷால் தள்ளினால் போதும், அப்போதும் பக்கிளுக்கு அடியில் ஒரு அட்டையைச் செருகிக்கொள்ள வேண்டும்.

பரண்மேல்:
பார்த்துவிட்டேன்! அம்புக்குறிக்குக் கீழே ‘ஐ’ தெரிகிறது, பக்கத்தில் 1943. உள்ளே தடுப்பும் இருக்கிறது. அம்மாவிடம் சொல்லிவிட்டேன், துவைக்கப் போவதில்லை. இனி எப்படி வைப்பது? வீடு சென்னையில், கடற்கரைக்குப் பக்கம்.

நூலகத்தம்பி:
அருமையான சாமான் அண்ணா. துணிப் பொருட்களைப் பாதுகாக்கும் வேலையில் இருக்கிறேன், அதனால் சொல்கிறேன்: வாரைப் பிடித்து ஆணியில் மாட்ட வேண்டாம், மொத்த எடையும் பழைய தையல் மேல் விழும். சாய்வான பலகையில் உட்காரவைத்து, உள்ளே அமிலமில்லாத டிஷ்யூ தாளையோ, கஞ்சி போகத் துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியையோ தளர்வாக அடைத்து உருவம் கொடுங்கள். செய்தித்தாள் கூடாது, அதில் உள்ள அமிலம் துணியைப் பழுப்பாக்கும். மூடியை அடிக்கடி திறந்து காட்டினால் மடிப்பில் கிழியும், முத்திரையைப் படம் எடுத்துப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். ஜன்னலுக்கு எதிர்ச் சுவர் வேண்டாம். அருங்காட்சியகங்களில் துணிக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தின் அலகு) என்ற மங்கலான வெளிச்சம்தான் விடுகிறார்கள்.

கடற்கரைக் காற்றுக்கு ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் போட்டு, ஈரப்பதமானியும் வையுங்கள், 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை வரும். பரணில் இருந்தது என்பதால் இராமபாணப் பூச்சியின் முட்டை இருக்கலாம்: பாலிதீன் உறையில் காற்றை எடுத்து நன்றாக மூடி, வீட்டு ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் உறையைப் பிரிக்காதீர்கள், அறை வெப்பத்துக்கு வரும்வரை ஒரு நாள் விடுங்கள், இல்லாவிட்டால் துணியில் நீர் கோத்துக்கொள்ளும்.

மூடியில் கையால் எழுதிய அந்த எண் அவருடைய படை எண்ணாக இருக்கலாம், அதை இங்கே போட வேண்டாம். அவர் மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டனில் உள்ள அவர்களுடைய ஆவணப் பிரிவுக்கு எண்ணையும் பெயரையும் எழுதிக் கேளுங்கள்.