இடையில் நிற்பவரை எந்தச் சொல்லால் குறிப்பது?

கேள்வி:

வணக்கம். குடும்பச் சொத்துத் தகராறுகளைப் பேசித் தீர்த்துக்கொள்வது பற்றிய கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். இரு தரப்பாரையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பேசவைப்பவர், சொத்துக்கு ஆள் பிடித்து விற்றுத் தருபவர், ஒரு தரப்பின் சார்பில் மட்டும் பேச வருபவர் என மூவர் அதில் வருகிறார்கள். முதல் வரைவில் மூவரையும் ‘இடைத்தரகர்’ என்றே எழுதிவிட்டேன். மெய்ப்புப் பார்த்தவர், முதலாமவருக்கு அந்தச் சொல் வசைபோல ஒலிக்கிறது என்று ஓரத்தில் குறித்து அனுப்பியிருக்கிறார். ‘மத்தியஸ்தர்’ என்று மாற்றினாலோ, அவர் தீர்ப்பும் சொல்வாரோ என்ற ஐயம் எழுகிறது. மூவருக்கும் பொதுவாக ஒரே சொல் கிடைக்குமா?

மறுமொழி 1:

ஒரே சொல்லைத் தேடாதீர்கள் என்பதே என் கருத்து. இடையில் நிற்பவர் யாரிடம் கூலி வாங்குகிறார், முடிவெடுக்கும் அதிகாரம் அவருக்கு உண்டா என்ற இரண்டையும் கேட்டுவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

‘தரகர்’ என்பது தரகு வாங்குபவர் என்ற அளவில் குற்றமற்ற சொல். பங்குத் தரகர் என்று எழுதினால் எவரும் முகம் சுளிப்பதில்லை. தரகர் என்றாலே இரண்டு பேருக்கு இடையில் நிற்பவர்தான் என்னும்போது, முன்னால் ஒரு ‘இடை’ எதற்கு? பொருளுக்கு அது எதையும் சேர்ப்பதில்லை, பழியை மட்டுமே சேர்க்கிறது. ‘இடைத்தரகர்களை நம்பி ஏமாற வேண்டாம்’ என்று அலுவலகச் சுவர்களில் படித்துப் படித்து, தேவையில்லாமல் நடுவில் புகுந்து காசு பார்ப்பவர் என்ற பொருள் அந்தச் சொல்லில் ஊறிவிட்டது. உங்கள் மெய்ப்பாளருக்குக் காது கூர்மை.

‘மத்தியஸ்தர்’ என்பதற்கு நடுவில் நிற்பவர் என்பதே சொற்பொருள். பேச்சுவழக்கில் அது சமாதானம் பேசுபவருக்கும் தீர்ப்புச் சொல்பவருக்கும் சேர்த்தே வழங்குவதால் உங்கள் ஐயம் நியாயமானது. சட்டம் இவ்விருவரையும் ஒன்றாக வைப்பதில்லை. இந்தியாவின் 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி நடுவர் வழங்கும் தீர்ப்பு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். 2023ஆம் ஆண்டில் தனிச் சட்டம் பெற்ற சமரசப் பேச்சில், நடத்திவைப்பவர் எந்த முடிவையும் யார்மீதும் சுமத்த முடியாது. நீதிமன்ற வளாகங்களில் ‘சமரச மையம்’ என்ற பலகை தொங்குகிறது. அங்கே அமர்ந்து பேசவைப்பவரைச் ‘சமரசர்’ என்கிறார்கள். உங்கள் முதல் ஆளுக்கு அதுவே பொருத்தம். இரண்டாமவர் சொத்துத் தரகர், மூன்றாமவர் முகவர்.

மறுமொழி 2:

மேலே சொன்னதை ஏற்கிறேன். மூன்றாமவரைப் பற்றி மட்டும் ஒன்று சேர்க்க வேண்டும். திருக்குறளின் ‘தூது’ அதிகாரத்துக்கு உரை எழுதும் பரிமேலழகர், தூதரைத் ‘தான் வகுத்துக் கூறுவான்’ என்றும் ‘கூறியது கூறுவான்’ என்றும் பிரிக்கிறார். முன்னவர் சூழ்நிலையைப் பார்த்துத் தாமே வார்த்தைகளை அமைத்துப் பேசுபவர். பின்னவர் சொல்லி அனுப்பியதை அப்படியே ஒப்பிப்பவர். சொத்துப் பேச்சில் ஒரு தரப்புக்காக வருபவர் அங்கேயே ஒப்புக்கொள்ளும் உரிமையுடன் வந்திருக்கிறாரா, ‘கேட்டுச் சொல்கிறேன்’ என்று எழுந்து போக வேண்டியவரா என்பதைக் கையேடு சொல்லியிருந்தால், தமிழிலும் அது தெரிய வேண்டும். ‘முகவர்’ என்றால் அதிகாரம் பெற்றவர் என்று கொள்வார்கள். வெறுமனே சேதி கொண்டுவருபவர் என்றால் ‘தூதர்’ கொஞ்சம் மிடுக்கான சொல்லாகப் போய்விடும், ‘செய்தி கொண்டுவருபவர்’ என்றே எழுதிவிடலாம்.

கேள்விக்குச் சற்று அப்பாற்பட்டதாயினும் இதையும் சொல்லிவிடுகிறேன். தொல்காப்பியக் கற்பியல், ஊடல் தீர்க்கத் தலைவனுக்கும் தலைவிக்கும் இடையே நடக்கும் தோழி, பாங்கன், பாணன், விறலி முதலிய பன்னிருவரை ‘வாயில்கள்’ என்கிறது. நடுவில் நிற்பவராகப் பார்க்காமல், உள்ளே போவதற்கான வழியாகப் பார்த்த சொல் அது. இன்று எழுதினால் வாசலைத்தான் நினைப்பார்கள் என்பது வருத்தம்.

மறுமொழி 3:

சொற்கள் வழுக்கிச் செல்வதற்குத் ‘துபாஷி’ நல்ல எடுத்துக்காட்டு. இரு மொழி அறிந்தவர் என்பதற்கு மேல் அதன் வேரில் ஒன்றுமில்லை. ஆனால் ஐரோப்பிய வணிகர்களுக்கு மொழிபெயர்த்தவர்களே கொள்முதலையும் கொடுக்கல் வாங்கலையும் பார்த்துக்கொண்டதால், அது வணிக இடையாளரின் பதவிப்பெயராகவே ஆகிவிட்டது. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை, மொழிபெயர்ப்பு மட்டுமே செய்தவர் எழுதியது என்று எவரும் எண்ண மாட்டார்கள். ‘மாமா’ என்ற உறவுச்சொல் இடம் மாறினால் என்ன பொருள் தருகிறது என்பதை இங்கே விளக்க வேண்டியதில்லை.

கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. சமரசர், சொத்துத் தரகர், முகவர் என்று மாற்றிவிட்டேன். மூலத்தைத் திரும்பப் பார்த்தபோது, மூன்றாமவர் இரண்டு இடங்களில் ‘கேட்டுச் சொல்கிறேன்’ வகையாகவே வருகிறார். அங்கே ‘முகவர்’ என்பதை நீக்கினேன். ஒரு வாக்கியத்தில் மட்டும் மூவரையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘இடையில் நின்று பேசுவோர்’ என்று எழுதியிருக்கிறேன். ஓரக்குறிப்பு எதுவும் வராமல் திரும்பி வருகிறதா என்று பார்க்க வேண்டும்.