பின்பக்கம் கோல்ஃப் மைதானம் உள்ள வீடு: கையெழுத்துப் போடும் முன் இதைப் பாருங்கள்

புதிதாக வந்தவர்கள் பலரும் கேட்கும் கேள்வி இது. வீடு பிடித்திருக்கிறது, பின்னால் கோல்ஃப் மைதானம், கண்ணுக்கு எட்டிய தூரம் பச்சை, எடுக்கலாமா? அப்படி ஒரு வீட்டில் நான்கு வருடம் குடியிருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், எடுக்கலாம். ஆனால் மைதானத்தின் எந்தப் பகுதியை ஒட்டி வீடு இருக்கிறது என்று பார்க்காமல் எடுக்காதீர்கள். எங்களுக்கு ஆறு வீடு தள்ளி இருந்தவர்கள் தோட்டத்தில் ஒரு பந்துகூட விழுந்ததில்லை. எங்கள் தோட்டத்தில் வாரத்துக்கு நாலைந்து விழும்.

காரணம் எளிது. விளையாடுபவர்களில் பெரும்பாலோர் வலதுகைக்காரர்கள். பழக்கம் போதாதவர்கள் அடிக்கும் பந்து நேராகப் போகாமல் வலப்பக்கம் வளைந்து ஓடும். இதை ஸ்லைஸ் என்பார்கள். அதனால் அடிப்பவருக்கு வலப்பக்கம் இருக்கும் வீடுகள்தான் அதிகம் அடி வாங்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி: பின்வாசலில் மைதானத்தைப் பார்த்து நில்லுங்கள். முதல் அடி அடிக்கும் டீ உங்கள் இடக்கைப் பக்கமும், குழி இருக்கும் கிரீன் வலக்கைப் பக்கமும் இருந்தால் நீங்கள் அந்த ஆபத்தான பக்கத்தில் நிற்கிறீர்கள். டீயிலிருந்து சுமார் 150 முதல் 220 மீட்டர் வரை உள்ள வீடென்றால் இன்னும் கவனம் தேவை. சாதாரண ஆட்டக்காரர்களின் முதல் அடி பெரும்பாலும் அந்தத் தூரத்தில்தான் விழும். டீயிலிருந்து கிரீன் வரை போகும் புல்பாதை நடுவில் வளைகிறது என்றால் உள்மூலையில் உள்ள வீட்டை யோசிக்காமல் தவிர்த்துவிடுங்கள். குறுக்குவழி எடுக்க நினைப்பவர்கள் உங்கள் கூரைக்கு மேலேயே அடிப்பார்கள்.

நாங்கள் இதெல்லாம் தெரியாமல் குடிபோனோம். மூன்றாவது வாரம், சனிக்கிழமை காலை. மகள் பின்வாசல் கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். பென்சில் எடுக்க மாடிக்குப் போனாள், பட்டென்று ஒரு சத்தம். கீழே வந்து பார்த்தால் கதவே இல்லை. கண்ணாடி ஆலங்கட்டி கொட்டினாற்போலத் தரையெங்கும் கிடந்தது. அவள் வரைந்துகொண்டிருந்த தாளின் மேலும் கிடந்தது. பந்து உருண்டு படிக்கட்டின் அடியில் நின்றிருந்தது. கோல்ஃப் பந்தின் எடை அதிகபட்சம் 45.93 கிராம்தான். ஆனால் கெட்டியான பொருள், மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டிய வேகத்தில் கிளம்புகிறது. அன்றைக்கு அடித்தவர் யார் என்று கடைசிவரை தெரியவில்லை.

இழப்பீடு யார் தருவார்கள் என்பது நாட்டுக்கு நாடு மாறும். அடித்தவரைப் பிடிக்க முடிவதில்லை, கிளப் தன் பொறுப்பில்லை என்று சொல்லும், காப்பீட்டில் நாம் முதலில் கட்ட வேண்டிய தொகையே கண்ணாடியின் விலையை விட அதிகமாக இருக்கலாம். அதனால் வாங்குபவர்கள் பத்திரத்தை வரிவரியாகப் படியுங்கள். "பந்து விழுவதை ஏற்றுக்கொள்கிறேன்" என்ற பொருளில் ஒரு நிபந்தனை உள்ளே இருக்கலாம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 600க்கும் மேற்பட்ட பந்துகள் விழுந்த ஒரு வீட்டுக்காரர்களுக்கு 2021இல் ஜூரி 35 லட்சம் டாலர் வழங்கியது, வட்டியோடு சேர்த்து ஏறத்தாழ 49 லட்சம் டாலர். 2022 டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வீட்டுப் பத்திரங்களோடு வந்த நிபந்தனைகளை எப்படிக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று ஜூரிக்குச் சரியாகச் சொல்லப்படவில்லை என்பதுதான் காரணம். பத்திரத்தில் உள்ள அந்த நிபந்தனை எவ்வளவு முக்கியம் என்று பாருங்கள்.

ஏற்கெனவே குடிவந்துவிட்டீர்களா? விழும் ஒவ்வொரு பந்தையும் இடம், நேரத்தோடு படம் எடுத்து வையுங்கள். சண்டை போடாமல் மாதம் ஒருமுறை கிளப் மேலாளருக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். எங்களுக்கு எட்டு மாதம் பிடித்தது. டீயைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பி வைத்தார்கள், பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. மரம் நடுகிறோம் என்று சொன்னால் வலை போடச் சொல்லுங்கள், மரம் வளர வருடக்கணக்காகும். வாடகைக்கு இருப்பவர்கள் உரிமையாளரிடம் கேட்டு கண்ணாடிக்குப் பாதுகாப்புப் படலம் ஒட்டிக்கொள்ளுங்கள். காரைத் தெருப்பக்கம் நிறுத்துங்கள்.

பந்து எடுக்கிறேன் என்று சிலர் வேலி தாண்டி வருவார்கள். வெள்ளைக் குச்சி நட்ட எல்லைக்கு வெளியே போன பந்தை அங்கிருந்து அடிக்க விதி இடம் தருவதில்லை. அதனால் உங்கள் தோட்டத்துக்குள் வந்து ஆட யாருக்கும் உரிமை கிடையாது, மரியாதையாகச் சொல்லித் திருப்பி அனுப்பலாம்.

அப்புறம் சத்தம். கிரீன் புல்லைச் சுமார் 3 மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டுவார்கள், அதனால் ஏறக்குறைய தினமும் வெட்ட வேண்டும். முதல் ஆட்டக்காரர் வருவதற்குள் முடிக்க வேண்டும் என்பதால் விடியும் முன்பே இயந்திரம் ஓட ஆரம்பிக்கும். கிரீனுக்குப் பக்கத்து வீட்டில் பந்துத் தொல்லை குறைவு, ஆனால் இந்தச் சத்தம் அதிகம். படுக்கையறையைத் தெருப்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். இரவில் தண்ணீர் தெளிப்பான்கள் ஓடும். பல இடங்களில் அது சுத்திகரித்த கழிவுநீர். குழாயோ மூடியோ ஊதா நிறத்தில் இருந்தால் அதுதான் என்று குழந்தைகளுக்குச் சொல்லி வையுங்கள். பூச்சிமருந்து அடிக்கும் நாட்களைக் கேட்டால் சொல்வார்கள், அன்று துணியை வெளியே காயப்போட வேண்டாம்.

மைதானத்துக்குள் இருக்கும் குளம்தான் எனக்குப் பெரிய பயம். ஓரத்தில் கிடக்கும் பந்துகளை எடுக்கப் பிள்ளைகளுக்கு ஆசை வரும். கரை சட்டென்று சரியும், அடியில் சேறு. பெரும்பாலும் வேலி இருக்காது. சின்னப் பிள்ளைகள் உள்ள வீடென்றால் பின்வாசலுக்கு உள்பூட்டு போட்டபிறகு குடிபோங்கள்.

வீடு பார்க்கப் போவது சனி அல்லது ஞாயிறு காலையாக இருக்கட்டும். ஒரு மணி நேரம் பின்னால் நின்று, புதர்களுக்கு அடியில் எத்தனை பந்து கிடக்கிறது என்று எண்ணுங்கள். டீ எந்தக் கைப்பக்கம், எவ்வளவு தூரம் என்று இங்கே எழுதினால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.