மார்த்தாண்டத்தில் வெள்ளைக் கரை போட்ட ஹோலி செடி வளருமா?

மார்த்தாண்டம்_வாசல்தோட்டம்:
சித்தி மகள் இங்கிலாந்தில் இருந்து ஒரு போட்டோ அனுப்பினாள். வாசல் ஓரமாக இடுப்பு உயரத்துக்கு ஹோலி, பச்சை இலையைச் சுற்றிப் பால் வெள்ளையில் கரை, ஓரமெல்லாம் முள், நடுவே கொத்துக் கொத்தாகச் சிவப்புப் பழம். கிறிஸ்துமஸ் குடில் பக்கத்தில் இப்படி ஒரு மூடு செடி நின்றால் நன்றாக இருக்குமே என்று வீட்டில் எல்லாருக்கும் ஆசை. ஆன்லைனில் விதை விற்கிறார்கள், வேரிகேட்டட், அதாவது இலையில் ரெண்டு நிறம் என்றே போட்டிருக்கிறது. எங்கள் இடம் செம்மண், காம்பவுண்டு ஓரம், மதியம் வரை வெயில். வாங்கலாமா?

குலசேகரம்_ரப்பர்காரன்:
வாங்காதீங்க. கரை போட்ட ரகத்தை குச்சி வைத்தோ ஒட்டுக் கட்டியோதான் எடுப்பார்கள், விதையில் அந்தக் கரையை நம்ப முடியாது. அனுப்புவது நிஜ ஹோலி விதையாகவே இருந்தாலும் முளைக்க ரெண்டு மூணு வருஷம் ஆகும், அது வெறும் பச்சையாகத்தான் வரும். மண் பிரச்சினையே இல்லை, நம்ம செம்மண்ணின் லேசான அமிலத்தன்மை அதுக்குப் பிடிக்கும். குளிர்தான் இங்கே கிடையாது, ராத்திரியிலும் புழுங்குகிற ஊரில் ஐரோப்பாச் செடி என்ன செய்யும்? அப்புறம் ஹோலியில் ஆண் செடி, பெண் செடி தனித்தனி, பழம் பெண்ணில்தான், அதுவும் பக்கத்தில் ஆண் இருந்தால். இதில் கூத்து என்னவென்றால் சில்வர் குயின் என்ற ரகம் ஆண், கோல்டன் கிங் பெண்! ராணியை மட்டும் நட்டுவிட்டுப் பழத்துக்குக் காத்துக்கிட்டே இருக்கலாம்.

தக்கலை_செடிப்பிரியை:
அண்ணன் சொன்னது சரி. சிங்கப்பூர் ஹோலி கேட்டுப் பாருங்க தம்பி. பேரில்தான் ஹோலி, உண்மையில் மால்பிகியா காக்சிஜெரா, சூட்டைத் தாங்குகிற கரீபியன் செடி. இலை சின்னது, பளபளப்பு, ஓரத்தில் அதே மாதிரி முள், இளஞ்சிவப்புப் பூ, சிவப்புப் பழம். வெள்ளைக் கரை போட்டதும் உண்டு, ஆனால் எல்லா நர்சரியிலும் கிடைக்காது. காலை வெயில் போதும், மதிய வெயில் பட்டால் வெள்ளைப் பாகம் முதலில் கருகும், ஏனென்றால் அங்கே பச்சையம் இல்லை. ஜூன் மழை, ஐப்பசி மழை ரெண்டும் நமக்கு உண்டே, அதனால் மூட்டில் தண்ணீர் நிற்காதபடி மண்ணை மேடாக்கி நடுங்க. முழுப்பச்சைக் கொப்பு ஏதாவது கிளம்பினால் அடியோடு வெட்டிடுங்க, அதுக்கு வேகம் அதிகம், விட்டால் கரை போட்டதை அமுக்கிடும்.

கீரிப்பாறை_எஸ்டேட்:
ஒன்று விட்டுப்போச்சு, நிஜ ஹோலிப் பழம் பிள்ளைகள் தின்றால் வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். மேற்குத் தொடர்ச்சி மலைச் சோலைகளிலும் ஹோலி இனம் உண்டு, ஐலெக்ஸ் வைட்டியானா மாதிரி, ஆனால் அது மரம், இலையும் பச்சை. குடிலுக்கு ஆகாது.

மார்த்தாண்டம்_வாசல்தோட்டம்:
விதை வேண்டாம், சரி. அக்கா, சிங்கப்பூர் ஹோலி டிசம்பரில் பழுக்குமா?

தக்கலை_செடிப்பிரியை:
டிசம்பரை நம்பி வாங்காதீங்க. அது மெதுவாக வளருகிற செடி, புதுக் கன்று இந்த வருஷம் ஒன்றும் காட்டாது. சிவப்பு வேண்டும் என்றால் பக்கத்தில் ஒரு மூடு தெச்சி (இட்லிப்பூ) வையுங்க, வருஷம் முழுக்கப் பூக்கும்.