லார்ட் கேயாஸ்: வீணடிக்கப்பட்ட வில்லனா, வில்லனே இல்லையா?

பாலாற்றுக்காரன் (வேலூர்):

மார்வெல் காமிக்ஸின் பிரபஞ்ச லெவல் வில்லன்கள் என்று பேச்சு எடுத்தாலே எல்லோரும் தானோஸ், கேலக்டஸ் என்று இரண்டு பேரோடு நிறுத்திவிடுகிறார்கள். நான் இன்று இழுத்து வருவது லார்ட் கேயாஸை. குழப்பமே உருவெடுத்த ஆசாமி. 1977இல் மார்வெல் டூ-இன்-ஒன் என்ற தொடரின் இரண்டாவது ஆண்டு மலரில் ஜிம் ஸ்டார்லின் அறிமுகப்படுத்தினார். உடம்பு கிடையாது, விண்வெளியில் மிதக்கும் அலங்கோலமான ஒரு பெரிய முகம், அவ்வளவுதான். பக்கத்திலேயே மாஸ்டர் ஆர்டர், மொட்டைத்தலையும் இறுகிய முகமுமாக. இவர் ஒழுங்கு, அவர் ஒழுங்கின்மை.

என் கட்சி இதுதான்: மார்வெல் இதைவிட மோசமாக எந்த வில்லனையும் வீணடித்ததில்லை. அந்த முதல் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். தானோஸ் நட்சத்திரங்களை அணைக்கக் கிளம்பிவிட்டான், அவெஞ்சர்ஸ் அவனிடம் கைதிகள். ஸ்பைடர்மேனுக்குக் கெட்ட கனவு வருகிறது. அவன் திங் என்ற கல்லுடம்பு நாயகனைத் தேடிப் போகிறான், இருவரும் விண்வெளிக்குப் போகிறார்கள். கடைசியில் ஆன்மாக்களை அடைத்துவைக்கும் ஆன்மக் கல்லுக்குள் இருந்து ஆடம் வார்லாக் என்ற விண்வெளி நாயகன் வெளியே வந்து தானோஸைக் கல்லாக்குகிறான். இவ்வளவுக்கும் பின்னால் இருந்து நூல் இழுத்தது அந்த இரண்டு தலைகளும்தான்.

சரி, யோசியுங்கள். திட்டம் போடுவது, ஆள் பிடிப்பது, நேரம் பார்த்து அனுப்பிவைப்பது. இதில் குழப்பம் எங்கே இருக்கிறது? இரண்டு தலைக்கும் வசனத்தை மாற்றிக் கொடுத்தாலும் கதையில் ஒரு பேனல்கூடக் கெடாது. குழப்பத்தின் அதிபதி, கூட்டம் என்றால் சொன்ன நேரத்துக்கு வந்து, சக ஊழியரோடு ஒத்துப்போய், கோப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார். தாலுகா ஆபீஸில்கூட இதைவிட அதிகக் குழப்பம் நடக்கும்.

காட்பாடி ஜங்ஷன்:

அண்ணே, முதல் கோணலே நீங்கள் அவரை வில்லன் என்றதுதான். எந்தக் கதையில் அவர் வில்லன்? 1977இல் தானோஸை வீழ்த்த வழி செய்தவர். 1991இல் இன்ஃபினிட்டி கான்ட்லெட் கதையில் கேலக்டஸ், எட்டர்னிட்டி மாதிரி பிரபஞ்ச சக்திகளோடு வரிசையில் நின்று தானோஸை எதிர்த்தவர். தோற்றார், ஆனால் நின்றார். பெயரைப் பார்த்ததும் எஃப்ஐஆர் போட்டுவிட்டீர்கள்.

அப்புறம் குழப்பம் எங்கே என்று கேட்டீர்கள். கதைக்குள் ஸ்பைடர்மேன் என்ன செய்கிறான் என்று பாருங்கள். தானோஸைப் பார்த்ததும் பயந்துபோய் ஓடுகிறான். திங்கை விட்டுவிட்டு ஓடுகிறான். பிறகு தன்மேலேயே வெறுப்பு வந்து திரும்பி வருகிறான். ஆர்டர் மட்டும் ஆள் தேர்ந்தெடுத்திருந்தால் இவனையா அனுப்பியிருப்பார்? தோர் மாதிரி ஒருவரை, படையோடு, கணக்குப் போட்டு அனுப்பியிருப்பார். அப்படிப்பட்ட ஆட்கள் எல்லோரும் ஏற்கெனவே போய் மாட்டிக்கொண்டு கிடந்தார்கள்! எவனை யாரும் கணக்கில் சேர்க்கவில்லையோ, எவன் நிற்பானா ஓடுவானா என்று அவனுக்கே தெரியாதோ, அவனைப் பிடித்து நடுவில் விட்டது கேயாஸின் கை. தானோஸ் எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்திருந்தான், அந்தப் பையனின் பயத்துக்கு மட்டும் வைக்கவில்லை.

குடியாத்தத்துப் பேரன்:

தலை மட்டும் மிதக்கிறது என்று நக்கல் வேண்டாம் நண்பரே. எங்கள் ஊரில் வைகாசி ஒன்றாம் தேதி வந்து பாருங்கள். கெங்கையம்மன் சிரசு ஊர்வலமாக வரும். சிரசு மட்டும்தான். தெருவெல்லாம் சூறைத்தேங்காய் உடைத்து ஓடு காலில் குத்தும், மாலைமேல் மாலையாக விழுந்து சிரசே தெரியாது. கோபாலபுரம் கோயிலில் கொண்டுபோய் உடலில் பொருத்தினால்தான் ஊர் மூச்சு விடும். சாயங்காலம் மறுபடி எடுத்துக் கௌண்டன்ய ஆற்றுக்குக் கொண்டுபோவார்கள். உடம்பில்லாத தலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு வளர்ந்தவன் நான். அதனால் ஸ்டார்லின் வரைந்த படத்தில் எனக்கு எந்தச் சிக்கலும் இல்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நம் தலைக்குக் கதை இருக்கிறது. ஜமதக்னி தன் மனைவி ரேணுகாவை வெட்டு என்றார், மகன் பரசுராமர் தாயை வெட்டினார். தந்தை சொல் மிக்க மந்திரம் இல்லை என்பதை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றிய பிள்ளை. வரம் கேட்டு உயிர் கொடுக்கும்போது அவசரத்தில் தலை ஓர் உடம்பிலும் உடம்பு ஒரு தலையிலும் மாறிப்போய்விட்டது என்று எங்கள் பாட்டி சொல்லும். இதில் குழப்பம் எங்கிருந்து வந்தது? முழுக் கீழ்ப்படிதலில் இருந்து வந்தது. ஒழுங்கு தன் வேலையைக் கச்சிதமாகச் செய்ததால்தான் எல்லாம் தலைகீழானது. ஆர்டர், கேயாஸ் என்று இரண்டு தலைகளை வைத்துக்கொண்டு ஸ்டார்லின் இந்த மாதிரி ஒரு கதை செய்திருக்கலாம். ஒன்றிலிருந்து இன்னொன்று எப்படிப் பிறக்கிறது என்று காட்டியிருக்கலாம். இரண்டையும் அக்கம்பக்கத்தில் மிதக்கவிட்டுவிட்டார். வீண் என்பதில் பாலாற்றுக்காரரோடு ஒத்துப்போகிறேன். ஆனால் அவர் சொல்லும் காரணத்துக்காக இல்லை.

பாலாற்றுக்காரன்:

பேரன் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன், என் கட்சிக்குத்தான் வலு. காட்பாடித் தம்பிக்கு ஒன்று: பையன் பயந்து ஓடியதெல்லாம் ஸ்பைடர்மேனின் பெருமை. அதைக் கேயாஸின் கணக்கில் எழுதாதே. அந்தப் பக்கங்களில் இரண்டு தலைகளும் சேர்ந்தே பேசுகின்றன, சேர்ந்தே முடிவெடுக்கின்றன. “இது என் வேலை, உனக்குச் சம்பந்தமில்லை” என்று கேயாஸ் ஒரு வார்த்தை ஆர்டரிடம் சொல்லியிருந்தால் நான் இந்த இழையே ஆரம்பித்திருக்க மாட்டேன்.

ஆரணி அக்கா:

மார்வெலை விட்டு வெளியே வாருங்கள் தம்பிகளா. போட்டிக் கம்பெனி டிசி காமிக்ஸில் இதையே ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள். கிளாரியன் என்று ஒரு சூனியக்காரப் பையன், 1973இல் ஜாக் கிர்பி உருவாக்கியவன். அப்போது அவன் சும்மா விஷமக்காரப் பிள்ளைதான். பின்னால் யங் ஜஸ்டிஸ் கார்ட்டூனில் அவனைக் குழப்பத்தின் அதிபதிகளில் ஒருவனாக ஆக்கினார்கள். கையில் ஒரு பூனை, டீக்கல் என்று பெயர்.

அதில் ஓர் எபிசோடு. கிளாரியனும் கூட்டாளிகளும் சேர்ந்து உலகத்தை இரண்டாகப் பிரித்துவிடுகிறார்கள். பெரியவர்கள் ஓர் உலகத்தில், பிள்ளைகள் இன்னொன்றில். ஒரு நொடியில் அம்மா அப்பா மாயம். பிள்ளைகள் கதறுகிறார்கள். இது குழப்பம்! அவனை அடக்க ஜட்டானா என்ற பெண், டாக்டர் ஃபேட் என்ற மந்திர நாயகனின் தலைக்கவசத்தைப் போட்டுக்கொள்கிறாள். உள்ளே இருப்பது நாபு, ஒழுங்கின் அதிபதி. பூனையை அடித்தால் கிளாரியனால் இந்த உலகத்தில் நிற்க முடியாது, அப்படியே ஓட்டிவிடுகிறார்கள். கதை முடிந்தது என்று நினைப்போம். நாபு அந்தப் பெண்ணை விட மாட்டேன் என்கிறார். உலகத்துக்கு ஒழுங்கு தேவை, உடம்பைத் திருப்பித் தர முடியாது. அவளுடைய அப்பா ஜடாரா வந்து, “என் பெண்ணை விடு, என்னை எடுத்துக்கொள்” என்று சொல்லிக் கவசத்தைத் தானே மாட்டிக்கொள்கிறார்.

இப்போது சொல்லுங்கள், அந்த எபிசோடில் வில்லன் யார்? பூனையோடு ஓடிப்போன பொடியனா, ஒரு குடும்பத்தின் அப்பாவைச் சட்டம் பேசி எடுத்துக்கொண்ட நாபுவா?

காட்பாடி ஜங்ஷன்:

அக்கா, காலில் விழுகிறேன். இதைத்தான் நான் முதலிலிருந்து கத்துகிறேன். இங்கிலாந்து எழுத்தாளர் மைக்கேல் மூர்காக் 1961இல் எல்ரிக் என்ற மாயாஜாலக் கதைகளை ஆரம்பித்தபோதே போட்ட பாதை இது. அவர் உலகத்தில் சட்டமும் குழப்பமும் இரண்டு பெரிய சக்திகள். எது முழுசாக ஜெயித்தாலும் உலகத்துக்கு நாசம்தான். ஒழுங்கு மட்டும் மிஞ்சினால் எதுவும் அசையாத சுடுகாடு. அப்படி இருக்க, கேயாஸை வில்லன் என்று முத்திரை குத்துவது பழைய பஞ்சாங்கம்.

ஓய்வுபெற்ற வாசகர்:

ஏம்பா, இதையெல்லாம் நம்மூரில் எத்தனை பேர் படித்திருப்பீர்கள்? எனக்குத் தெரிந்ததெல்லாம் 1972இல் முத்து காமிக்ஸில் வந்த இரும்புக்கை மாயாவி, அப்புறம் லயனில் வந்த ஸ்பைடர். உங்கள் ஸ்பைடர்மேன் இல்லை, இங்கிலாந்துக்காரன் ஸ்பைடர். அவன் கிளம்பும்போதே குற்றவாளிகளின் ராஜாவாக வேண்டும் என்று கிளம்பினான். பின்னால்தான் மனம் மாறி நல்லவன் பக்கம் வந்தான். அவனுக்கு ஓர் ஆசை இருந்தது. ஆசை இருந்தால்தான் வில்லன். உங்கள் மிதக்கும் தலைக்கு என்னப்பா வேண்டும்? எதுவும் வேண்டாதவனை வில்லன் என்றும் சொல்லக்கூடாது, நல்லவன் என்றும் சொல்லக்கூடாது. படம் என்று சொல்லலாம்.

குடியாத்தத்துப் பேரன்:

ஐயா ஒரே அடியில் இரண்டு கட்சியையும் கவிழ்த்துவிட்டார்.

பாலாற்றுக்காரன்:

ஐயா சொன்ன ஆசை விஷயத்துக்கு வருகிறேன். கேயாஸுக்கு ஓர் ஆசை உண்டு, அதுதான் இன்னும் கேவலம். இன்-பிட்வீனர் கதை தெரியுமா? 1975இல் வார்லாக் இதழ்களில் வந்தவன். ஆர்டருக்கும் கேயாஸுக்கும் பொதுவான வேலைக்காரன், இரண்டுக்கும் நடுவில் நிற்பவன். வார்லாக்கைக் கொண்டுபோய், பிற்காலத்தில் ஒரு மதத்தையே நடத்தப்போகும் கொடுங்கோலன் மேகஸாக மாற்றுவது அவனுக்கு விதிக்கப்பட்ட வேலை. அப்புறம் இவன் எஜமானர்களையே எதிர்த்துக் கிளம்பினான். அதற்கு என்ன செய்தார்கள்? இருவரும் சேர்ந்து பிடித்து அடைத்துவைத்தார்கள்.

திரும்பப் படியுங்கள். வேலைக்காரன் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்று கோபப்பட்டுச் சிறையில் போடுகிறார், குழப்பத்தின் அதிபதி! தன் படைப்பு கட்டுமீறியதைப் பார்த்து உலகத்திலேயே ஒருவர் கைதட்டியிருக்க வேண்டும் என்றால் அது அவர்தான். கைதட்டாமல் ஆர்டரோடு போய்ப் பூட்டுப் போடுகிறார். அவருக்கு வேண்டியது பதவி, குழப்பம் இல்லை.

காட்பாடி ஜங்ஷன்:

இது பரவாயில்லை, இதற்குப் பதில் யோசிக்க வேண்டும். நாளை வருகிறேன்.

செய்யாற்றுக் கூத்தன்:

மாவட்டத்தை எத்தனை துண்டு போட்டாலும் நாங்கள் பழைய வடார்க்காடுதான், அதனால் உள்ளே வருகிறேன். புரிசைப் பக்கம் பாரதக் கூத்து பார்த்தவர்களுக்கு இந்தச் சண்டை சுலபம். கட்டியக்காரனை நினைத்துப் பாருங்கள். துரியோதன மகாராஜா வருகிறார் என்று கட்டியம் சொல்வது அவன் வேலை. சொல்லிவிட்டு அடுத்த வரியில் அந்த மகாராஜாவையே, நீ யாரு, எங்கிருந்து வர்ற என்று குடைவான். ராஜா தர்க்கம் பாடிக்கொண்டிருக்கும்போது நடுவில் புகுந்து முன்வரிசையில் தூங்கும் ஊர்ப்பெரியவரை வம்புக்கு இழுப்பான். கர்ணன் சாகப்போகும் ராத்திரியில்கூட ஜனம் சிரிக்கும். விடிய விடியக் கூத்து நடப்பதே அவனால்தான். அவனிடம் வில்லும் இல்லை, வரமும் இல்லை, சபை மரியாதை துளியும் இல்லை.

லார்ட் கேயாஸ் ஒரு முறையாவது சிரிப்பு மூட்டியிருக்கிறாரா? ஆர்டர் பேசும்போது குறுக்கே பாய்ந்திருக்கிறாரா? கடைசிவரை ராஜா வசனம்தான் பேசுகிறார். அமெரிக்காக்காரன் குழப்பத்தையும் சிம்மாசனத்தில் உட்காரவைத்து லார்ட் என்று பட்டம் கட்டிவிட்டான். எனக்கு அங்கேயே போய்விட்டது. கிளாரியன் பரவாயில்லை, அவனிடம் கொஞ்சம் கட்டியக்காரன் வாடை அடிக்கிறது.

ஆரணி அக்கா:

கூத்தன் தம்பி, அருமை. ஆனால் கட்டியக்காரன் விடிந்ததும் வேஷம் கலைத்துவிட்டுப் போய்விடுவான். கதையில் யாருடைய சாவையும் அவனால் தள்ளிப்போட முடியாது. படுகளத்தில் துரியோதனன் தொடை பிளந்துதான் ஆக வேண்டும். அப்படிப் பார்த்தால் அவனும் ஒழுங்குக்கு வேலை செய்பவன்தானே?

செய்யாற்றுக் கூத்தன்:

அக்கா, கதையை மாற்றுவது அவன் வேலை இல்லை. கதையைப் பார்த்து யாரும் பயப்படாமல் வைத்திருப்பதுதான் அவன் வேலை.

காட்பாடி ஜங்ஷன்:

வந்துவிட்டேன். 2017இல் மார்வெலுக்கு ஆல் ஈவிங் எழுதிய அல்டிமேட்ஸ் இரண்டாம் தொடரை யாரும் எடுக்கவில்லையே. அதில் ஆர்டர், கேயாஸ், இன்-பிட்வீனர் மூன்றும் ஒன்றாகக் கலந்து லோகோஸ் என்று ஒரே உருவாக ஆகின்றன. இத்தனை வருஷம் ஓரத்தில் மிதந்தவர்கள், பிரபஞ்சத்தின் மேலிடத்தையே கைப்பற்றக் கிளம்புகிறார்கள். ஐயா கேட்ட ஆசையும் இருக்கிறது, அண்ணன் கேட்ட கலகமும் இருக்கிறது. அடைத்துவைத்த வேலைக்காரனையும் உள்ளே சேர்த்துக்கொண்டாகிவிட்டது. நாற்பது வருஷம் கழித்து என்றாலும் வீணாகவில்லை.

பாலாற்றுக்காரன்:

தம்பி, நீ வில்லனே இல்லை என்று ஆரம்பித்தாய், இப்போது நல்ல வில்லன் என்கிறாய். அதைக்கூட விடுகிறேன். முதல் முறையாக ஏதாவது பெரிதாகச் செய்ய வாய்ப்பு வருகிறது, அப்போதும் கேயாஸ் தனியாக வரவில்லை பார். ஆர்டரோடு ஒட்டிக்கொண்டு, ஒரே உடம்பாகி, ஒரே சட்டமாகி வருகிறார். அந்தக் கதையில் செய்வதெல்லாம் லோகோஸ். கேயாஸ் எந்தப் பக்கத்தில் இருக்கிறார், காட்டு.

காட்பாடி ஜங்ஷன்:

ஆர்டரைத் தனியாக இருக்க விடாமல் தன்னோடு சேர்த்துக் குழைத்துவிட்டார் அல்லவா, அங்கே இருக்கிறார். இரண்டு தனித்தனித் தலைகள், நடுவில் ஓர் ஆள் என்று இருந்த ஏற்பாடே போய்விட்டது. ஒழுங்குக்கு இதைவிடப் பெரிய அடி என்ன வேண்டும் அண்ணே?

பாலாற்றுக்காரன்:

மூன்று பேர் ஒருவர் ஆவதற்குப் பெயர் குழப்பமா? அது ஆட்குறைப்பு.

ஓய்வுபெற்ற வாசகர்:

அந்த லோகோஸ் இதழ் யாரிடமாவது இருந்தால் கொண்டுவாருங்கள், படித்துவிட்டுத் திட்டுகிறேன்.