அலமாரிக் கதவுக்குத் தரமான பித்தளைக் கீல்: இனங்காண்பது எப்படி, தேடுவது எங்கே?

கேள்வி:

வணக்கம். பழைய வீடு ஒன்றை இடித்தபோது கிடைத்த தேக்குப் பலகைகளைக் கொண்டு, கண்ணாடிக் கதவு வைத்த புத்தக அலமாரி செய்துகொண்டிருக்கிறேன். ஒவ்வொரு கதவும் 42 அங்குல உயரமும் 14 அங்குல அகலமும் கொண்டது. கண்ணாடி 4 மி.மீ. கனம். இதற்கு முன் செய்த சிறிய அலமாரிக்குச் ‘சுத்தப் பித்தளை’ என்று சொல்லப்பட்ட கீல்களை வாங்கினேன். காந்தத்தை வைத்துப் பார்த்தேன். தகட்டில் ஒட்டாததால் நம்பிவிட்டேன். ஓராண்டு முடிவதற்குள் விளிம்புகளில் பொன்னிறம் தேய்ந்து வெள்ளை தெரிகிறது. கதவும் சற்றுத் தொங்குகிறது. உடன் கொடுத்த திருகுகளில் மூன்று, முடுக்கும்போதே தலை முறிந்து, தண்டு மரத்துக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. இம்முறை ஏமாறாமல் வாங்க எதைப் பார்க்க வேண்டும், எங்கே தேட வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1:

காந்தம் இரும்பை மட்டுமே காட்டிக்கொடுக்கும். பித்தளை முலாம் பூசிய துத்தநாகக் கலவையும் காந்தத்தில் ஒட்டாது. உங்களை ஏமாற்றியது பெரும்பாலும் அதுதான். நல்ல பித்தளைக் கீலிலும் உள்ளே எஃகுப் பின் (இரு தகடுகளையும் கோக்கும் கம்பி) இருந்தால் அந்த இடத்தில் மட்டும் காந்தம் ஒட்டும் என்பதால், இந்தச் சோதனை இரண்டு பக்கமும் தவறாக வழிகாட்டக்கூடும்.

பித்தளைதானா என்று அறியச் சமையலறை எடைத் தராசு இருந்தால் போதும். முதலில் கீலின் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தண்ணீர்க் குவளையைத் தராசில் வைத்து, எடையைச் சுழியமாக்கி, கீலை நூலில் கட்டி அடியைத் தொடாமல் முழுவதும் மூழ்கும்படி பிடியுங்கள். இப்போது தராசு காட்டும் கிராம் எண்ணே, கீலின் கன அளவு கன சென்டிமீட்டரில். எடையை அதனால் வகுத்தால், பித்தளைக்கு ஏறத்தாழ 8.4 வரும், இரும்புக்கு 7.8, துத்தநாகக் கலவைக்கு 6.6 அளவில் நின்றுவிடும். குழலுக்குள் காற்றுக் குமிழ் தங்கினால் கணக்குப் பிசகும், ஆகவே நீருக்குள் ஒருமுறை திறந்து மூடுங்கள்.

உலோகம் பித்தளையாக இருந்துவிட்டால் மட்டும் கீல் நல்லதாகிவிடாது. அந்தப் பின் நுழையும் குழலைப் பக்கவாட்டில் பாருங்கள். மெல்லிய தகட்டை வளைத்துச் சுருட்டிய கீலில், தகடு திரும்பி வந்து சேரும் இடத்தில் ஓர் இடைவெளி தெரியும். பாரம் ஏற ஏற அது விரிந்து கதவு தொங்கும். அச்சின் வழியே உருவித் தள்ளிய பித்தளையில் செய்த கீலில் தகடும் குழலும் ஒரே துண்டு, இடைவெளியே இருக்காது. அலமாரிக்கு இரண்டாவது வகையைத்தான் வாங்க வேண்டும். பிறகு கீலைப் பாதி திறந்து இரண்டு தகடுகளையும் மேலும் கீழுமாக அசைத்துப் பாருங்கள். கையில் ஆட்டம் தெரிந்தால் கதவில் அது பல மடங்காகத் தெரியும். உங்கள் கதவில் கண்ணாடியின் எடை இரண்டரைக் கிலோ அளவுதான், ஆகவே இரண்டரை அங்குலக் கீல் இரண்டே தாங்கும். நானாக இருந்தால் மூன்று போடுவேன், பாரத்துக்காக அன்று, 42 அங்குலச் சட்டம் நடுவில் வளையாமல் இருப்பதற்காக.

மறுமொழி 2:

திருகு முறிந்ததற்குப் பித்தளையின் மென்மையும் தேக்கின் உறுதியும் சேர்ந்தே காரணம். 6ஆம் எண் திருகுக்கு 2.5 மி.மீ. துளை போட்டு, முதலில் அதே அளவுள்ள எஃகுத் திருகை முழுவதும் ஏற்றி இறக்கி மரத்தில் புரி வெட்டிக்கொள்ளுங்கள். பிறகு பித்தளைத் திருகில் தேன்மெழுகு தடவிக் கையாலேயே முடுக்குங்கள். மின்திருகியைத் தொடவே வேண்டாம். கீலின் குழிக்குள் திருகுத் தலை மேலே நீட்டாமல் உட்காருகிறதா என்பதைக் கடையிலேயே பார்த்துவிடுவது நல்லது, ஏனெனில் தலை நீட்டினால் கதவு முழுவதும் மூடாது.

வாங்கும் இடம் என்றால், பித்தளை உதிரிப்பாகங்களுக்குக் குஜராத்தின் ஜாம்நகரும் கதவுச் சாமான்களுக்கு உத்தரப் பிரதேசத்தின் அலிகாரும் பெயர்பெற்றவை. சென்னையில் பாரிமுனையை ஒட்டிய தெருக்களில் உள்ள சாமான் கடைகளில் ‘ஜாம்நகர்ச் சரக்கு’ என்று கேட்டுப் பாருங்கள். ஒரே ஒரு கீலை முதலில் வாங்கி வீட்டில் சோதித்துவிட்டு மீதியை வாங்குங்கள்; மாதிரியைக் கொடுக்கத் தயங்கும் கடையில் நான் வாங்குவதில்லை.

இன்னொன்று: அமோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவத்தைக் கீலில் படவிடாதீர்கள். 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் இந்தியப் படையின் பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் தாமாக விரிசல் விட்டதற்கு, குதிரை லாயங்களிலிருந்து எழுந்த அமோனியாவே காரணம் என்று பிற்பாடு கண்டறிந்தார்கள். பாத்திரத்தைப் போலப் புளி போட்டுத் தேய்ப்பதும் கூடாது. பளபளப்பு வரும், ஆனால் புளிநீர் மரத்தில் இறங்கிக் கறையாகும்.

மறுமொழி 3:

புதிதாகவே வாங்க வேண்டும் என்பதில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளில் பழைய கதவுகளிலிருந்து கழற்றிய பித்தளைக் கீல்கள் கிடைக்கின்றன. உங்கள் பழைய தேக்குக்கு அவற்றின் நிறம் பொருந்தும். ஆனால் எல்லாம் ஒரே அளவில் அமைவது அரிது. ஒவ்வொன்றின் தகட்டையும் மரத்தில் வைத்து அதற்கேற்பக் கோடு கிழித்துத் தனித்தனியாகப் பள்ளம் எடுக்கும் பொறுமை இருந்தால் மட்டும் அந்த வழியில் போங்கள்.

கேட்டவர்:

மிக்க நன்றி. பழைய கீலைக் கழற்றி எடை பார்த்தேன்: 52 கிராம், நீரில் 7.8; வகுத்தால் 6.67. பித்தளை என்று ஓராண்டு நம்பியிருந்தது துத்தநாகம்தான். அடுத்த வாரம் பாரிமுனைக்குப் போகிறேன், தராசு வீட்டில், காந்தம் இப்போதும் பையில். முறிந்த திருகுகளை எடுப்பது எப்படி என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.

மறுமொழி 2:

சிறிய எஃகுக் குழாயின் நுனியில் அரத்தால் பல் வெட்டி, முறிந்த தண்டைச் சுற்றிச் சுழற்றி இறக்குங்கள். தண்டு மரத்தோடு சேர்ந்து வெளியே வந்துவிடும். அந்தத் துளையில் தேக்கு முளையைப் பசையோடு அடித்து, மறுநாள் புதிதாகத் துளை போடுங்கள்.