லிஃப்ட் ரோப்புக்கு கிரீஸ் பூசச் சொன்ன புண்ணியவான் யாரு?

கவர்னர்சுவிட்ச்:
பக்கத்து இழையில ஒருத்தர் அருள்வாக்கு சொல்லியிருக்கார்: "மாசம் ஒருதடவை ரோப் முழுக்க கிரீஸ் பூசுங்க, லிஃப்ட் ஆயுசுக்கும் விழாது." லைக் வேற குவியுது. தயவுசெஞ்சு யாரும் செஞ்சு தொலைக்காதீங்க. டிராக்‌ஷன் லிஃப்ட்ல ரோப்பை ஷீவ்ல (மோட்டார் சுத்துற, காடி வெட்டின சக்கரம்) யாரும் முடிச்சுப் போட்டுக் கட்டி வைக்கல. ஷீவ் காடியில ரோப் பதிஞ்சு கிடக்குற உராய்வுதான் மொத்தப் பாரத்தையும் பிடிச்சிருக்கு. அந்தக் காடியில கிரீஸ் போனா பிரேக் ஒழுங்காப் பிடிக்கும், ஷீவும் நிக்கும், ரோப் மட்டும் வழுக்கிட்டுப் போகும்.

ரோப்காரன்:
எழுதினது நான்தான் சார். பேரைச் சொல்லியே திட்டலாம், ஒளிஞ்சு எழுத வேண்டாம். ரோப்புக்கு நடுவுல நார்க்கோர் இருக்கு. அதுல ஊறின எண்ணெய் வத்திப்போனா உள்கம்பி ஒண்ணோட ஒண்ணு உரசி, செங்கல் பொடி மாதிரி சிவப்பா வெளிய தள்ளும். அந்தப் பொடி தெரியுதுன்னா ரோப் உள்ளேயிருந்து செத்துட்டு இருக்குன்னு அர்த்தம். விட்டமும் குறைய ஆரம்பிச்சிருக்கும். அப்பவும் கிரீஸ் வேணாம்பீங்களா?

கவர்னர்சுவிட்ச்:
வேணாம்பேன். சிவப்புப் பொடி வந்த ரோப் மேல கிரீஸ் அப்பினா அது உள்ள இறங்காது. பொடி, தூசி, கிரீஸ் மூணும் சேர்ந்து காடியை அரைக்கிற பசையா மாறும். இன்னொண்ணு, ஒரு லே நீளத்துல (ஒரு புரி ரோப்பை ஒரு முழுச் சுத்து சுத்தி வர்ற நீளம்) எத்தனை கம்பி முறிஞ்சிருக்குன்னு எண்ணித்தான் ரோப்பை மாத்தணுமான்னே முடிவு பண்றது. மேல மெழுகிட்டா எதை எண்ணுவீங்க?

நடுத்தளம்:
ஒரு நிமிஷம். ரெண்டு பேரும் ஒரே சாமானைத்தான் சொல்றீங்களா? பேரிங்குக்கு வைக்கிற கெட்டி கிரீஸா, டிராக்‌ஷன் ரோப்புக்குன்னே வர்ற மெல்லிசு எண்ணெயா? அதை முதல்ல சொல்லிட்டுச் சண்டை போடுங்க.

ரோப்காரன்:
எதுவா இருந்தா என்ன, ரோப் வறளக் கூடாது. நான் சொல்றது அவ்வளவுதான். அப்படியே வழுக்கினாலும் கேபின் பாதாளத்துக்கா போயிடும்? மூணு ரோப்போ அதுக்கு மேலயோ இருந்தா 12 மடங்கு பாதுகாப்புக் கணக்கு, ரெண்டே ரோப்னா 16 மடங்கு. வேகம் மீறினா தட்டுற கவர்னர் இருக்கு, கேபின் ஓடுற ரெயிலைக் கவ்வி நிறுத்துற சேஃப்டி கியர் இருக்கு. சும்மா பூச்சாண்டி காட்டாதீங்க.

கவர்னர்சுவிட்ச்:
12 மடங்கு ரோப் அறாம இருக்கிறதுக்கு. வழுக்காம இருக்கிறதுக்கு இல்ல. ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர்தான் கிரீஸ் டப்பாவோட நிக்கிறார்.

அடுத்தது, "பாதாளம்". ரோப்போட மறுபக்கம் தொங்குற கவுன்ட்டர்வெயிட் எடை எவ்வளவு? கேபின் எடையோட, ஏத்துற பாரத்துல ஏறக்குறைய பாதி. 680 கிலோ லிஃப்ட்ல கேபின் காலியா இருந்தா எதிர்ப்பக்கம் சுமார் 340 கிலோ கூடுதல். பிடி விட்டா காலி கேபின் மேல பாயும், கீழ இல்ல. பழைய லிஃப்ட்ல சேஃப்டி கியர் கீழ்நோக்கி மட்டும்தான் பிடிக்கும். மேல போற கேபினை நிறுத்த ரோப் பிரேக்கோ, இருபக்கமும் பிடிக்கிற கியரோ தனியா வேணும். அது இல்லாத கட்டடத்துல உங்க கிரீஸ் என்ன செய்யும்னு யோசிங்க.

உச்சகட்டம் இதுதான். "ரோப் முழுக்க"ன்னு எழுதியிருக்கீங்களே, கவர்னரைச் சுத்த வைக்கிற தனி ரோப், அந்தக் கவர்னர் ரோப்பும் அதுல சேர்த்தியா? அதுல ஒரு சொட்டு எண்ணெய் படக் கூடாது. வேகம் நிர்ணயிச்சதுல 115 சதவீதமாவது ஆனப்புறம்தான் கவர்னர் தட்டும். தட்டினதும் அந்த ரோப்பை இறுக்கிப் பிடிச்சாத்தான் சேஃப்டி கியர் ஆப்பு ரெயிலைக் கவ்வும். பிடியில ரோப் வழுக்கினா கியருக்குத் தகவலே போகாது. நீங்க நம்பிட்டிருக்கிற கடைசிக் காவலுக்கும் நீங்களே கிரீஸ் பூசியாச்சு.

கதவுபூட்டு:
ரோப்பை விடுங்கய்யா. கதவுலயும்தான் ஆள் சாகுறாங்க. கேபின் இல்லாம வெளிக்கதவு திறந்துக்கிறது ஏன்? பூட்டு நாக்கு 7 மி.மீ. உள்ள போனாத்தான் வண்டி கிளம்பணும்னு விதி. பூட்டோட மின் கான்டாக்ட் கருகி லிஃப்ட் நிக்குதுன்னா, சரிபார்க்க அதைத் தாண்டி கரன்ட் போற மாதிரி ஒரு ஜம்பர் ஒயரைக் குத்துறாங்க. வேலை முடிஞ்சு அதைக் கழட்டாமப் போறாங்க. அதைப் பத்தி ஒருத்தர் வாய் திறக்கிறீங்களா?

ரோப்காரன்:
ஜம்பரை விட்டுட்டுப் போறது யாருன்னு கவர்னர் சார் கிட்ட கேளுங்க. கன்ட்ரோலர் கோஷ்டி அவங்கதானே. ஏஆர்டி (கரன்ட் போனா கேபினைப் பக்கத்துத் தளத்துக்குக் கொண்டுபோற சாதனம்) பேட்டரி இழையிலயும் இப்படித்தான் கடைசி வரைக்கும் கத்தினார்.

கவர்னர்சுவிட்ச்:
ஏஆர்டி இழையில கத்தினது, ரெண்டு வருஷமா லோடு போட்டே பார்க்காத பேட்டரியை "நல்லாத்தான் இருக்கு"ன்னு நீங்க சான்றிதழ் கொடுத்ததுக்கு. பேச்சை மாத்தாதீங்க. கவர்னர் ரோப்புக்கு கிரீஸ் உண்டா, இல்லையா?

ரோப்காரன்:
சரி, ரெயிலுக்கு மட்டும் எண்ணெய்க் கிண்ணம் வைக்கிறீங்களே, சேஃப்டி கியர் அங்க வழுக்காதா? ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்பா?

கவர்னர்சுவிட்ச்:
கேபினை ரெயில்ல பிடிச்சிருக்கிற ஷூ உரசி ஓடுறதுன்னா கிண்ணம் வேணும், சக்கரம் வச்ச ரோலர் ஷூன்னா ரெயில் காய்ஞ்சுதான் இருக்கணும். சேஃப்டி கியரைச் சோதிக்கிறப்பவே ரெயில்ல எண்ணெய் உண்டா இல்லையான்னு கணக்குல எடுத்துத்தான் தேர்ச்சி கொடுக்கிறாங்க. ஷீவ் காடிக்கு அந்தச் சலுகை கிடையாது. அடுத்த திசைதிருப்பல் என்ன?

ரோப்காரன்:
1945-ல எம்பயர் ஸ்டேட் கட்டடத்துல ரோப் அறுந்து லிஃப்ட் 75 மாடி விழுந்துச்சே, அதுக்கு என்ன சொல்றீங்க? ரோப்பைக் கவனிக்கணும்னா சிரிக்கிறீங்க.

கவர்னர்சுவிட்ச்:
அந்த ரோப் வறண்டுபோயா அறுந்துச்சு? பி-25 குண்டுவீச்சு விமானம் கட்டடத்துல மோதினதுல ரோப்பெல்லாம் நாசமாச்சு, கவர்னர் ரோப் உட்பட. உள்ள இருந்த பெட்டி லூ ஆலிவர் பிழைச்சுக்கிட்டார். கிரீஸ் பூசியிருந்தா விமானம் வழுக்கிட்டுப் போயிருக்குமோ?

நடுத்தளம்:
மறுபடியும் கேக்கிறேன், மெல்லிசு எண்ணெயா, கெட்டி கிரீஸா? ரோப் எண்ணெய்னா மெயின் சுவிட்சை அணைச்சுப் பூட்டிட்டு, நின்ன ரோப்பைத் துணியால துடைச்சு, பிரஷ்ஷால மெல்லிசாத் தடவணும். விரல் வைச்சா லேசாப் பிசுக்கணும், சொட்டக் கூடாது. ஓடுற ரோப்புல துணியைப் பிடிச்சா முறிஞ்ச கம்பி விரலை இழுத்துட்டுப் போயிடும். தடவினப்புறம், கேபின் கீழ்த்தளத்துல நிக்கும்போது ஷீவுலயும் எல்லா ரோப்புலயும் ஒரே நேரா சாக்பீஸ் கோடு போட்டு, ஒரு நடை மேல அனுப்பிக் கொண்டுவந்து பாருங்க. கோடெல்லாம் ஒண்ணுபோல கொஞ்சம் நகர்ந்திருந்தா சாதாரணம். ஒரு ரோப் மட்டும் விலகியிருந்தா இழுவிசை சமமில்ல, இல்ல காடி தேய்ஞ்சிருக்கு.

ரோப்காரன்:
பார்த்தீங்களா, நடுத்தளம் சாரே தடவச் சொல்லிட்டார்! நான் ஆரம்பத்துலேர்ந்து இதைத்தான் கத்திட்டிருக்கேன்.

கவர்னர்சுவிட்ச்:
அவர் சொன்னது சொட்டாத எண்ணெய். நீங்க எழுதினது "முழுக்க கிரீஸ்". பழைய பதிவைத் திருத்தறதுக்குள்ள ஸ்கிரீன்ஷாட் எடுத்தாச்சு. கவர்னர் ரோப்புக்கு இன்னும் பதில் வரல.

கதவுபூட்டு:
ஜம்பருக்கும் வரல.

ரோப்காரன்:
"வறண்ட ரோப் பக்தர்கள் கவனத்துக்கு"ன்னு புது இழை தொடங்கியிருக்கேன். தைரியம் இருந்தா அங்க வாங்க.

கவர்னர்சுவிட்ச்:
வந்துட்டேன். முதல் வரியிலயே தப்பு இருக்கு.