தேவசாயலும் முற்றிய மறதிநோயும்: விளக்கம் தேவை

வரும் ஞாயிறு வேதபாட வகுப்பில் ஆதியாகமம் 1:26-27, அதாவது தேவன் மனிதரைத் தம் சாயலில் படைத்தார் என்ற பகுதியை எடுக்கிறேன். வகுப்பில் ஒருவரின் தாய்க்கு முற்றிய மறதிநோய், மகனைக்கூடத் தெரியவில்லை. "அம்மாவிடம் இன்னும் தேவசாயல் இருக்கிறதா?" என்று கேட்டார். பதில் சொல்லியே ஆக வேண்டும்.

ஆதித் திருச்சபையின் இறையியலாளர் அகுஸ்தீன் நினைவு, அறிவு, சித்தம் ஆகியவற்றில் சாயலைத் தேடினார். இந்தத் தாய்க்கு முதலில் போனதே நினைவுதான். பூமியை ஆளும் பொறுப்பே சாயல் என்ற விளக்கமும் உதவவில்லை. சாயல் என்பது உறவே என்று 20ஆம் நூற்றாண்டு இறையியலாளர் கார்ல் பார்த் சொல்வது நெருங்கி வருகிறது, சரி. உறவை உணரவே முடியாதவருக்கு? அப்புறம் ஆதியாகமம் 9:6, யாக்கோபு 3:9 இரண்டும் ஆதாம் பாவத்தில் விழுந்த வீழ்ச்சிக்குப் பின்னும் சாயலைப் பற்றிப் பேசுகின்றன, திறமையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. எனக்கு இதுதான் பெரிய பிடிமானம். கொலோசெயர் 1:15 கிறிஸ்துவையே தேவனுடைய தற்சுரூபம், அதாவது சாயல், என்கிறது. அங்கிருந்து இந்தத் தாயிடம் எப்படி வருவது என்பதில்தான் நிற்கிறேன்.

மனிதரின் எந்தத் திறனையும் சாராமல், கிறிஸ்துவை வைத்தே தேவசாயலை விளக்கும் இறையியலாளர் யாரை வாசிக்கலாம்?